சண்டை போட்டால் வளரும் நரம்பு

நான் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய குடை பெஞ்சில் அநாதையாகக் கிடக்கிறது என்று நாள் முழுக்க ஒலிபெருக்கியில் கத்துவதுதான் என் பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் வாய்க்கு ஓய்வு, கைக்கு வேலை. என் வீட்டுக்காரருக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. நாங்கள் பேசுவது, கொஞ்சுவது, வம்பளப்பது, முக்கியமாகச் சண்டை போடுவது எல்லாமே கையால்தான். அவர் கையால் சொன்னதையும் இங்கே வாயால் சொன்னது மாதிரியே எழுதுகிறேன்.

கைப்பேச்சில் சண்டை போட்டுப் பார்க்காதவர்கள் பாவம், பாதி வாழ்க்கையைத் தவறவிட்டவர்கள். முதல் சௌகரியம், அதில் 'ங்க' கிடையாது. ஊர் முன்னால் 'வாங்க, போங்க' என்று பவ்யமாக இருக்கிற நான், கையில் 'நீ' என்று விளாசித் தள்ளுவேன். பதில் சொல்ல முடியாமல் போனால் அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார். நான் விடுவேனா? கன்னத்தில் தட்டித் திறக்க வைப்பேன். நான் தோற்கிற மாதிரி இருந்தால் விளக்கை அணைத்துவிடுவேன். சுவிட்ச் யார் கைக்கு எட்டுகிறதோ அவர் பக்கம்தான் எங்கள் வீட்டில் நியாயம்.

அவருக்குத் தொழில் கண்ணாடி போடுவது. ஜன்னல், கதவு, கடை முகப்பு என்று எதற்கும் அளந்து, வெட்டி, பொருத்திக் கொடுப்பார். அடுப்படிக்குப் பின்னாலேயே பட்டறை. இரண்டுக்கும் நடுவில் இருந்த கதவின் மேல்பாதியில் அவரே ஒரு கண்ணாடி போட்டிருந்தார். கதவைச் சாத்தினாலும் எங்கள் பேச்சு நிற்காது. நான் இந்தப் பக்கம் வெங்காயம் நறுக்க, அவர் அந்தப் பக்கம் சட்டத்துக்கு ஆணி அடிக்க, நடுவில் ஊர்வம்பு ஓடும். காது கேட்கிற தம்பதிகளுக்கு இந்த வசதி ஏது?

அந்தக் கண்ணாடிதான் என் கையை வாங்கியது.

பிரிட்ஜை எந்தச் சுவரோரம் வைப்பது என்று ஒரு சண்டை. நல்ல சண்டை, இரண்டு பேரும் உச்சத்தில் இருந்தோம். "உன்னை மாதிரி பிடிவாதக்காரனை நான் இந்த உலகத்துலயே..." என்று ஆரம்பித்தேன். கைப்பேச்சில் 'உலகம்' கொஞ்சம் பெரிய சொல். நான் அதை இன்னும் பெரிதாகச் சொல்லிவிட்டேன் போல. என் வலது முழங்கை பின்னால் போய்க் கதவுக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே போனது. அவர் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு வாசலிலேயே நின்றுவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் ஒரு பெண். என்னைவிட வயதில் சின்னவர். முழங்கையின் உட்பக்கம் ஓடுகிற நரம்பு அறுந்துவிட்டது என்றார். சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும், விரல்களை விரிப்பதற்கும் அந்த நரம்புதான் எஜமானாம். அறுந்த இரண்டு முனைகளையும் தைத்து, அதைச் சுற்றி வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய ஒரு தாளைக் குழாயாகச் சுருட்டி வைப்பது புது சிகிச்சை, சம்மதமா என்று கேட்டார். வலியில் நான் எதற்கும் சம்மதித்திருப்பேன். ஆகட்டும் என்றேன்.

வழக்கமாக டாக்டர் சொல்வதை என் வீட்டுக்காரருக்குக் கையில் எடுத்துச் சொல்வது நான். அன்றைக்கு நான் மயக்க மருந்தில் கிடந்ததால் அந்தப் பொறுப்பு என் மாமியாரிடம் போனது. அத்தை தங்கமானவர், ஆனால் எதிலும் அவருக்கு முதல் பாதி போதும். சினிமா பார்த்தால் இடைவேளையில் எழுந்து வந்து முழுக் கதையையும் சொல்வார். டாக்டர் நிறையப் பேசினாராம். அத்தை மகனிடம் திரும்பி, தன் வலது கையை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு தலையை வேகமாக ஆட்டினார். கையை அசைக்கக் கூடாது. அவ்வளவுதான் செய்தி.

அன்றிலிருந்து எனக்கு ராஜ உபசாரம். தலை சீவிவிட அத்தை, ஊட்டிவிட அவர். பக்கத்து கிளினிக்கில் தையல் பிரித்த பிறகும் கையைக் கழுத்தில் தொங்குகிற ஒரு துணித் தூளியில் போட்டு, தூளியை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். வேலைக்குப் போனேன், மைக்கைத் தட்டிவிட இடது கை போதும். வீட்டில் மட்டும் ஒரு டம்ளரைக்கூடத் தொடவிடவில்லை. முதல் சில வாரம் சொர்க்கம். அப்புறம்தான் தெரிந்தது, வீட்டில் சண்டையே இல்லை.

அவர் எதற்கெடுத்தாலும் 'சரி' என்றார். இடது கையால் தத்தித் தத்தி வம்புக்கு இழுத்துப் பார்த்தேன்.

"பிரிட்ஜைக் குளியலறையில வைக்கலாமா?"

"சரி."

"உன் மூக்கு வரவரப் பெருசாகிட்டே போகுது."

"சரி."

சுவரோடுகூட இதைவிட நன்றாகப் பேசலாம். உடைந்த கண்ணாடி இருந்த இடத்தில் ஒரு ப்ளைவுட் பலகையை அறைந்துவிட்டார். பட்டறையில் இருக்கிறாரா, ஊரிலேயே இல்லையா என்று எனக்குத் தெரியாது. கண்ணாடி டம்ளர்கள் போய் எவர்சில்வர் வந்தது. ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுகிறவர் வீட்டில் கண்ணாடியே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவர் பெயர் போனதுதான் பொறுக்கவில்லை.

கைப்பேச்சில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் உண்டு. அவருக்கு நான் வைத்த பெயர் எனக்கு மட்டும் சொந்தம். முதல்முதலில் அவரைத் தெருவில்தான் பார்த்தேன். ஆள் உயரக் கண்ணாடி ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வழியை அடைத்து நின்றார். "நகர மாட்டீங்களா? காது கேக்கலையா?" என்று கத்தினேன். கேட்கவில்லைதான். இரண்டு கையும் கண்ணாடியில் மாட்டியிருந்ததால் பதிலும் சொல்ல முடியவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் சிரித்தார், கன்னத்தில் ஒரு குழி விழுந்தது. திமிரைப் பார் என்று நினைத்தேன். கண்ணாடியை இறக்கி வைத்துவிட்டுக் கையால் ஏதோ நீளமாகச் சொன்னார், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தச் சண்டையை முடிப்பதற்காகவே அவருடைய பேச்சைக் கற்றுக்கொண்டேன். இன்னும் முடிந்தபாடில்லை.

சுண்டுவிரலைக் கன்னக்குழி இருக்கிற இடத்தில் வைத்து, உடனே ஐந்து விரலையும் அகல விரிக்க வேண்டும். அதுதான் அவர் பெயர். இப்போது என் சுண்டுவிரலும் மோதிர விரலும் உணர்வில்லாமல் சுருண்டு கிடந்தன. விரல்கள் விரியவில்லை. ஆள் இல்லாத நேரத்தில் தூளியை அவிழ்த்துச் சொல்லிப் பார்த்தேன். கன்னத்தில் கை வைத்துக் கவலைப்படுகிறவள் மாதிரி இருந்தது. இடது கையால் கூப்பிடலாமே என்பீர்கள். சாப்பாடு, தண்ணீர் எல்லாம் இடது கையால் சொன்னேன். அவர் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். அந்தக் கைக்கு அந்தப் பெயர் தெரியாது.

சில மாதம் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி பார்க்கிற நாள் வந்தது. மூன்று பேரும் போனோம். டாக்டர் முழங்கைத் தழும்பிலிருந்து கீழே ஒவ்வொரு இடமாகத் தட்டிக்கொண்டே வந்தார்.

"எறும்பு ஊர்ற மாதிரி எங்க வரைக்கும் இருக்கு?"

தழும்பைத் தாண்டி ஒரு விரல்கடை தூரத்திலேயே எறும்பு நின்றுவிட்டது. ஒரு காகிதத்தைக் கொடுத்துக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடிக்கச் சொன்னார். அவர் இழுத்ததும் அது சமர்த்தாக அவர் பக்கம் போய்விட்டது. டாக்டரின் முகம் சுருங்கியது.

"வீட்ல கையை என்ன பண்றீங்க?"

அத்தை முந்திக்கொண்டார். "அசைக்கவே விடலை டாக்டர். பூப்போல வெச்சுப் பாத்துக்கிட்டோம். தூங்கும்போதுகூட தலையணையோட சேர்த்துக் கட்டிடுவேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "யாரு கட்டச் சொன்னது?"

"நீங்கதான் அசைக்கக் கூடாதுன்னீங்க."

"மூணு வாரத்துக்குன்னேன். அதுக்கப்புறம் எவ்வளவு முடியுமோ அவ்வளவு அசைக்கணும்னேனே. அதைச் சொல்லலையா?"

அத்தை என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "நீங்க பாட்டுக்குப் பேசிட்டே இருந்தீங்க டாக்டர். நான் முக்கியமானதைப் பிடிச்சுக்கிட்டேன்."

டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டார். அப்புறம் கேட்டார், "வீட்ல அடுப்பு பத்த வைக்கிற லைட்டர் இருக்கா? அதுல பேட்டரி போடறீங்களா?"

"இல்லையே."

"அப்ப பொறி எங்கேருந்து வருது? உள்ள ஒரு சின்னக் கல் இருக்கு. நீங்க அமுக்கறீங்க, அதுக்கு அழுத்தம் விழுது, கரண்ட் வருது. உங்க முழங்கையில வெச்சிருக்கிற தாளும் அந்த ஜாதிதான். நீங்க கையை மடக்கி நீட்டும்போது அது வளையும். வளைஞ்சா துளியூண்டு மின்சாரம் வரும். உங்களுக்குத் தெரியாது, நரம்புக்குத் தெரியும். அந்தத் தூண்டுதல்ல நரம்பு வேகமா வளரும். வயர் கிடையாது, பேட்டரி கிடையாது. உங்க அசைவுதான் எல்லாம்." அத்தையைப் பார்த்தார். "நீங்க லைட்டரைப் பட்டுத்துணியில சுத்திப் பெட்டியில வெச்சுப் பூட்டிட்டு, அடுப்பு ஏன் எரியலைன்னு உட்கார்ந்திருக்கீங்க."

எனக்கு ஒரே கேள்விதான். "இனிமே வருமா டாக்டர்?"

"வர வைக்கலாம். ஆனா அந்தத் தாள் உடம்புக்குள்ளயே கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சிடும். அதுக்குள்ள வேலை வாங்கணும். பயிற்சி எழுதித் தரேன். அது போக, என்ன பண்ணினா உங்க கை நல்லா அசையும்?"

இதற்கும் அத்தைதான் பதில். "என் பையனோட சண்டை போட்டா."

"அப்ப போடுங்க. தினமும் போடுங்க."

என் வீட்டுக்காரர் இத்தனை நேரமும் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தூளியை அவிழ்த்தேன். தாள், லைட்டர், மூன்று வாரம் எல்லாவற்றையும் இரண்டு கையாலும் தட்டுத்தடுமாறிச் சொல்லிவிட்டுக் கடைசியில், "டாக்டர் உன்னோட சண்டை போடச் சொல்றாங்க," என்றேன்.

அவர் நம்பவில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டது என்று நினைத்து டாக்டரைப் பார்த்தார். டாக்டர் இரண்டு முஷ்டியையும் மோதிக் காட்டி, என்னையும் அவரையும் சுட்டிக்காட்டினார். என் வீட்டுக்காரர் முகத்தில் ரத்தமே இல்லை.

வீட்டில் பயிற்சி ஒழுங்காக நடந்தது. மடக்கு, நீட்டு, மடக்கு, நீட்டு. எண்ணுவது அத்தையின் வேலை. பாதியில் பக்கத்து வீட்டம்மாவைப் பற்றி ஏதாவது ஞாபகம் வந்து எண்ணிக்கையை விட்டுவிடுவார், முதலிலிருந்து ஆரம்பிப்போம். அந்த வகையில் எனக்கு இரட்டிப்பு லாபம். ஆனால் சண்டைக்கு மட்டும் அவர் மசியவில்லை. நான் கையை ஓங்கினாலே நாலு பக்கமும் பார்த்து, பக்கத்தில் இருக்கிற சாமான்களை நகர்த்தி வைத்துவிட்டு, "சரி" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தலை சீவப் போனால் சுவரில் நிலைக்கண்ணாடி இல்லை. வெறும் ஆணிதான் இருந்தது. பக்கத்தில் பளபளவென்று தேய்த்த ஒரு எவர்சில்வர் தட்டைச் சாய்த்து வைத்திருந்தார். அதில் என் முகம் பூசணிக்காய் மாதிரி தெரிந்தது. எனக்கு வந்ததே கோபம்! சீப்போடு பட்டறைக்குள் போய் அவர் முன்னால் நின்றேன்.

"என் கண்ணாடி எங்க?"

"உடைஞ்சா ஆபத்து."

"நீ கண்ணாடிக்காரன்! உன் பொண்டாட்டி தட்டுல முகம் பாக்கணுமா?"

"சரி, தப்புதான்."

"சரின்னு இன்னொரு தடவை சொன்னே, கொன்னுடுவேன்!"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பழைய வழக்கம் என்று நினைத்துக் கன்னத்தில் தட்டப் போனேன். மூடிய இமையின் ஓரத்தில் கண்ணீர் நின்றது. என் கோபம் அப்படியே கரைந்துபோய் எனக்கும் அழுகை வந்துவிட்டது. தட்டப் போன கையால் துடைத்துவிட்டேன்.

அவர் கண்ணைத் திறந்தார். மெதுவாகச் சொன்னார். "அது நான் போட்ட கண்ணாடி. நான் இழுத்த சண்டை. ரெண்டும் சேர்ந்து உன் கையை வெட்டிடுச்சு. இனிமே ரெண்டுமே இந்த வீட்ல வேண்டாம்."

"அப்ப நான் யாரோட பேசறது?"

"என்னோட பேசு. நான் கேட்டுக்கறேன்."

"எனக்குக் கேட்டுக்கற ஆள் வேண்டாம். நாள் பூரா மைக்குல பேசறேன், ஊரே கேக்குது. எனக்குத் திருப்பிப் பேசற ஆள் வேணும். நீ எனக்கு வேணும்." அதோடு அவர் பெயரைச் சொல்ல முயன்றேன். வளைந்த சுண்டுவிரலைக் கன்னத்தில் வைத்தேன். விரல்கள் விரியவில்லை.

அவர் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் கன்னத்தில் லேசாகக் குழி விழுந்தது. "உன் உச்சரிப்பு சரியில்லை," என்றார்.

"என்னது?"

"அது என் பேரா? வேற யாரோ மாதிரி இருக்கு. முதல்ல என் பேரை ஒழுங்கா சொல்லக் கத்துக்கோ. அப்புறம் சண்டைக்கு வா."

"கொழுப்பா உனக்கு?"

"ஆமா. நீ முழுசா என் பேரைச் சொல்ற அன்னிக்கு அந்தக் கதவுல கண்ணாடி போடறேன். அதுவரைக்கும் பலகைதான்."

எத்தனை மாதம் கழித்து எனக்கு எதிர்ப்பேச்சு! ஆனந்தத்தில் சீப்பைத் தூக்கி எறிந்தேன். அவர் அதைப் பிடித்து, திருப்பி என் மேலேயே எறிந்தார்.

அன்றிலிருந்து சண்டை, வேளை தவறாமல் சண்டை. பிரிட்ஜை இரண்டு சுவருக்கும் மாற்றி மாற்றி நகர்த்தினோம். மழை வருமா வராதா, டீயில் சர்க்கரை போதுமா போதாதா, மீசையை எடுக்கலாமா கூடாதா என்று எல்லாவற்றுக்கும் அடித்துக்கொண்டோம். விஷயம் தீர்ந்துபோன நாட்களில் அத்தை கோள் மூட்டிக் கொடுத்தார். என்னிடம் வந்து, "உன் சமையல்ல உப்பு இல்லையாம்மா, அவன் முகத்தைச் சுளிக்கிறான்," என்பார். மகனிடம் போய் என்னைக் காட்டி அவர் மூக்கைக் காட்டிக் கையை அகல விரிப்பார். முதல் பாதியோடு நிறுத்திக் கெடுத்தவர் இரண்டாம் பாதியை ஈடுகட்டிக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் எங்கள் தெருவிலேயே குடியிருக்கிற ஒருத்தி, "உங்க வீட்ல ஏதும் பிரச்சினையா? ஜன்னல்ல பார்த்தேன், கையை ஓங்கிட்டே இருந்தீங்க," என்று ரகசியமாகக் கேட்டாள். சிகிச்சை நடக்கிறது என்றேன்.

எறும்பு நகர ஆரம்பித்தது. டாக்டர் தட்டத் தட்ட, தழும்பைத் தாண்டி, முன்கையின் பாதியைத் தாண்டி, மழைக்காலம் வந்தபோது மணிக்கட்டு வரை வந்துவிட்டது. "யாரு ஜெயிக்கிறாங்க?" என்று டாக்டர் கேட்பார். நான்தான் என்று நானும், தான்தான் என்று அவரும் சொல்வோம். அப்புறம் சுண்டுவிரலில் சூடு தெரிந்தது. முதன்முதலில் தோசைக்கல்லில் சுட்டுக்கொண்டு, "வலிக்குது! வலிக்குது!" என்று வீடு முழுக்கக் குதித்தேன். அத்தை வந்து கட்டிக்கொண்டு அழுதார். ஆனால் விரல் மட்டும் விரியவில்லை. தினமும் அவர் பெயரைச் சொல்லிப் பார்ப்பேன். பட்டறையிலிருந்து அவர் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்.

ஒரு சாயங்காலம், நான் வேலையிலிருந்து அலுத்துப்போய் வந்தேன். வந்தால், அத்தை அப்போதுதான் துடைத்து வைத்த அடுப்படி முழுக்கப் பட்டறைத் தூசி. ஈரத் தரையில் அவர் செருப்புத் தடம், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. மருந்துக்கான சண்டை வேறு, நிஜமான கோபம் வேறு. இது நிஜம். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் காலால் தரையை ஓங்கி உதைத்தேன். தரை அதிர்ந்ததில் திரும்பினார்.

"இது என்ன? தடத்தைப் பாரு! எத்தனை தடவை சொல்றது உனக்கு? எருமைகூடக் காலைத் துடைச்சுக்கிட்டு வரும்..." என்று நான்பாட்டுக்குப் பொழிந்துகொண்டே போனேன். அவரோ வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே நின்றார். "என்ன, பேச்சு வரலையா? திருப்பிச் சொல்லு!" அவர் சட்டென்று திரும்பி, அதே செருப்போடு, அதே ஈரத் தரையில் நடந்து வெளியே போய்விட்டார்.

எனக்குப் பகீரென்றது. இத்தனை மாதத்தில் அவர் சண்டையின் நடுவில் எழுந்து போனதே இல்லை. "ரொம்பப் பேசிட்டேனா அத்தை?"

"எருமைன்னதுதான் கொஞ்சம் அதிகம்," என்றார் அத்தை.

வாசலில் போய் நின்றேன். தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. வெகுநேரம் கழித்துத் தெருமுனையில் ஒரு வெளிச்சச் சதுரம் ஆடி ஆடி வந்தது. பாதிக் கதவளவு கண்ணாடி ஒன்று. அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடி, மூச்சு வாங்கிக்கொண்டு, பின்னால் அவர். ஓரத்தில் கடைக்காரர் ஒட்டிய சீட்டு இன்னும் இருந்தது, உடைந்தாலும் வெட்டாத ரகக் கண்ணாடி.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. "எங்க போனே? இப்ப எதுக்குக் கண்ணாடி?" என்று கேட்டேன். இரண்டு கையும் கண்ணாடியில் இருந்ததால் அவரால் ஒரு சொல்கூடப் பேச முடியவில்லை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என் வலது கையை மட்டுமே பார்த்தார், சிரித்தார். கன்னத்தில் குழி விழுந்தது.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காலை உதைத்தேன், அவர் திரும்பினார், திட்டுவதற்கு முன்னால் நான் வழக்கம்போல ஒன்று சொன்னேன். எந்தச் சண்டையையும் அவர் பெயரில்தானே ஆரம்பிப்பேன்!

கையைத் தூக்கிப் பார்த்தேன். பயமாக இருந்தது. சுண்டுவிரலைக் கன்னத்தில் வைத்தேன். ஐந்து விரலும் விரிந்தன. சுண்டுவிரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் விரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் அழுதுகொண்டே சிரித்தார். நான் மறுபடி சொன்னேன், மறுபடி, மறுபடி. தெருவில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி என் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

பின்னாலிருந்து அத்தை கத்தினார். "ரெண்டு பேரும் கொஞ்சிக்கிட்டது போதும், கண்ணாடியை இறக்கச் சொல்லு, கை விட்டுப் போகும்!"

அவர் கண்ணாடியைப் பத்திரமாகச் சுவரில் சாய்த்து வைத்தார். கைகளை உதறிக்கொண்டார். என் பக்கம் திரும்பினார்.

"எருமைன்னா சொன்னே?" என்று ஆரம்பித்தார்.